பொட்டுக்குக் கீழே எந்தக் கரை

யோகமலருக்கு மலைப் பைத்தியம் பிடித்தது நாற்பத்துமூன்றாவது வயதில். அதுவும் ஸ்காபரோவில் இருந்துகொண்டு. ஸ்காபரோவில் மலை என்று சொல்ல என்ன இருக்கிறது? மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் அதுதான் மலை.

யாழ்ப்பாணத்தில் நில அளவை அலுவலகத்தில் பதினொரு வருடம் படவரைஞராக இருந்தவள். அங்கே அவள் கீறியதெல்லாம் கிணறு, ஒழுங்கை, பனங்காணி, வேலி. வேலிக்கு இரண்டு பக்கமும் வழக்கு. ஊர் தோசைக்கல் மாதிரித் தட்டை. உயரத்தைக் காட்டும் சமவுயரக் கோட்டைப் பயிற்சிக் காலத்தில் கீறிப் பழகியதோடு சரி, பிறகு அதற்கு வேலை வரவில்லை. கனடாவுக்கு வந்து ஆறு வருடம் தொழிற்சாலையில் பிஸ்கற் பெட்டி அடுக்கினாள். அதற்குப் பிறகுதான் ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில், பழைய வரைபடங்களைத் திருத்தி நகலெடுத்து விற்கும் ஒரு சின்னக் கடையில் இடம் கிடைத்தது.

கடைக்காரி வேரோனிக்கா போலந்துக்காரி. அறுபது வயது, நல்ல மனம், கெட்ட பழக்கம் ஒன்று. பெரிய படங்களை நிலத்தில் விரித்துவிட்டுச் சப்பாத்துக் காலோடு அவற்றுக்கு மேலால் தாண்டிப் போவாள். சப்பாத்து நுனி கடதாசியில் படும்போதெல்லாம் யோகமலருக்கு நெஞ்சு திக்கென்னும். கடதாசி சரஸ்வதி அல்லவா. வேரோனிக்கா அங்கால் போனதும் குனிந்து அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அவளுக்கு இடுப்புப் பிடிப்பு என்றுதான் வேரோனிக்கா முதல் மூன்று மாதமும் நினைத்திருந்தாள்.

அந்தக் கடையில்தான் பைத்தியம் தொடங்கியது. மூடப்பட்ட ஒரு சுரங்கக் கம்பனியின் ரொறன்ரோ அலுவலகத்திலிருந்து நாற்பது இழுப்பறை படங்களை வேரோனிக்கா வாங்கியிருந்தாள். எல்லாம் மேற்கே, பிரிட்டிஷ் கொலம்பியாவின் உள்மலைகள். மாட்டுப் பண்ணைகள், வெள்ளிச் சுரங்கங்கள், கோவேறு கழுதைகள் போன ஒற்றையடிப் பாதைகள். மண்ணிறக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மாடு மேயும் வெளி. ஒரு கோட்டில் விரலை வைத்து இழுத்துக்கொண்டு போனால், ஏறாமலும் இறங்காமலும் ஒரு மலையைச் சுற்றி வந்துவிடலாம். முதல்நாள் அப்படிச் சுற்றி வந்தபோது யோகமலருக்கு உண்மையாகவே மூச்சு வாங்கியது. வீட்டுக்கு வந்து கணவன் இராஜரட்ணத்துக்குச் சோறு போடும் நேரத்திலும் அதே கதைதான். பாவம், அந்த மனுசன் தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் போர்க்லிஃப்ற் ஓட்டிவிட்டு வந்து ஏழாயிரம் அடி ஏற வேண்டியிருந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு செப்ரெம்பரில் ஒரு கடிதம் வந்தது. அந்த மலைகளில் பண்ணை வைத்திருக்கும் ரூத் என்ற பெண் எழுதியிருந்தாள். லோன் மேர் கிரீக் என்ற ஓடையை ஒட்டி, பழைய சுரங்கக்காரரின் மரக்குடில் ஒன்றும் அதற்குப் போகும் பாதையும் இருந்ததாம். இப்போதைய படத்தில் இரண்டும் இல்லை. தன் கணவன் ஆர்ச்சி, மலையில் விலத்திப் போகும் மாடுகளைத் தேடிப் போகும்போது ஒதுங்க அந்தக் குடில் உதவும் என்று அலைகிறார். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினோராம் ஆண்டுப் படம் உங்களிடம் இருந்தால் ஒரு நகல் வேண்டும்.

படம் இருந்தது. புதிய படங்களை விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்களைப் பார்த்துக் கீறுகிறார்கள். மரத்துக்குக் கீழே இருப்பது விமானத்துக்குத் தெரியாது. பதினோராம் ஆண்டு ஆட்களோ நடந்து போனவர்கள். படுத்தெழும்பிய குடில் ஒவ்வொன்றையும் ஒரு கறுப்புச் சதுரமாகப் போட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைத்திருக்கிறார்கள். மெல்லிய தாள், மடிப்பில் கிழிசல். வேரோனிக்கா அதை யோகமலரிடம் கொடுத்து, கிழிசலை ஒட்டி, பிளாஸ்ரிக் தாளில் புதிதாகக் கீறச் சொன்னாள். கடைக்கு வந்து பத்து மாதத்தில் அவளை நம்பித் தந்த முதல் முழுப்படம்.

முதலில் தண்ணீர், பிறகு கட்டடமும் பாதையும், கடைசியில்தான் சமவுயரக் கோடு. இது தொழில் ஒழுங்கு, யோகமலருக்குத் தெரியாததல்ல. ஆனால் ஆசை யாரை விட்டது? மலையைத்தான் முதலில் தொடங்கினாள். ஒக்ரோபர் நடுவில் மலை முக்கால்வாசி முடிந்திருந்தது. ஓடையும் குடிலும் அப்படியே கிடந்தன.

அந்த நேரம் பார்த்து நவராத்திரி வந்தது. ஊரில் சரஸ்வதி பூசைக்குத் தன் கீறுபேனாக்களை வைத்தவள், கனடா வந்த பிறகு வைக்க ஒன்றும் இல்லாமல் இருந்தவள். பிஸ்கற் பெட்டியைக் கொண்டுபோய்க் கும்பத்துக்கு முன்னால் வைக்க முடியுமா? இந்த வருடம்தான் தொழில் என்று ஒன்று இருக்கிறது. கேட்டிருந்தால் வேரோனிக்கா மறுத்திருக்க மாட்டாள். ஆனால் சரஸ்வதி யார், அவவுக்கும் ஒரு பழைய சுரங்கப் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவதை நினைக்கவே களைத்தது. திங்கட்கிழமை விஜயதசமி, காலையில் எடுத்துக்கொண்டு போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பழைய படத்தைச் சுருட்டிக் குழாயில் போட்டு, சப்வேயிலும் பஸ்ஸிலும் பிள்ளையைக் கொண்டுவருவது போல் கொண்டுவந்தாள்.

சனிக்கிழமை மாலை இராஜரட்ணம் கும்பத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் அடுக்கினார். தேவாரப் புத்தகம், யோகமலரின் பேனாக்கள், தன்னுடைய போர்க்லிஃப்ற் லைசென்ஸ், நடுவில் படம். பூசை விசயத்தில் அவர் கண்டிப்பானவர். வைத்ததை விஜயதசமி விடியும்வரை யாரும் தொடக்கூடாது. சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, இதில் முக்கியமான இடம் எது என்று கேட்டார். யோகமலர் பெருமையோடு ஓடைக்கரையில் விரலை வைத்தாள். அவர் அந்த இடத்திலேயே வட்டமாகச் சந்தனம் வைத்து, அதற்கு மேல் தாராளமாகக் குங்குமமும் வைத்தார். எதையும் அரைகுறையாகச் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வேரோனிக்காவின் தொலைபேசி வந்தது. ஆர்ச்சி வெள்ளிக்கிழமை மாடு தேடிக் குதிரையில் மலைக்குப் போனவர். நேற்றுக் குதிரை தனியே திரும்பி வந்திருக்கிறது. மேகம் இறங்கிவிட்டதால் ஹெலிகொப்ரர் பறக்க வழியில்லை. அவர் அந்தப் பழைய குடிலைத் தேடித்தான் போயிருப்பார் என்று ரூத் சொல்கிறாள். அங்கே இப்போது காலை ஆறரை. வெளிச்சம் வந்து எட்டு மணிக்குத் தேடுகிறவர்கள் புறப்படுகிறார்கள். மத்தியானம் கடும் பனி கொட்டப் போகிறது. அவர்களுக்கு அந்தப் படம் வேண்டும். கடையைத் திறந்து பார்த்தேன், படத்தைக் காணவில்லை, எங்கே வைத்தாய் என்று கேட்டாள்.

படம் என் வீட்டில், என்றாள் யோகமலர். வேரோனிக்கா ஏன் என்று கேட்கவில்லை. தேடுகிறவர்களின் ஃபாக்ஸ் இலக்கத்தைச் சொல்லி, எழுதிக்கொள் என்றாள்.

அங்கே எட்டு என்றால் இங்கே பதினொன்று. ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறது. யோகமலர் சாமி அறைக்கு ஓடினாள். இராஜரட்ணம் வேட்டியோடு குந்தியிருந்து விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொல்லி முடிக்கவே மூச்சு முட்டியது. இனி ஒரு வாக்குவாதம் கிடக்கிறது என்று அதற்கும் தயாராகத்தான் நின்றாள். அவர் கும்பத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"எடும்," என்றார். "சரஸ்வதி படிச்ச பொம்பிளை. அவவுக்கு விளங்கும்."

பதினேழு வருடக் குடித்தனத்தில் இராஜரட்ணம் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதை அவள் கேட்டதில்லை. வேட்டிக்கு மேலேயே குளிர் ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு கார்ச் சாவியைத் தூக்கினார்.

ஃபாக்ஸ் இருந்தது செல்வரட்ணத்தின் கடையில். மரக்கறி, மீன், ரோல்ஸ், ரெலிபோன் காட், ஃபொட்டோகொப்பி, ஃபாக்ஸ், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. பத்து மணிக்குத்தான் திறப்பார். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, வேட்டி கட்டிய ஒருவரும் நீளக் குழாய் பிடித்த ஒருத்தியும் கண்ணாடிக் கதவில் தட்டுவதைப் பார்த்து, கோயில் காசுக்கு வந்திருக்கிறார்கள் என்று அவர் உள்ளே ஒதுங்கப் பார்த்தார். ஆளை அடையாளம் கண்டு, விசயத்தைக் கேட்டதும், மீன் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஃபொட்டோகொப்பி மெசினை மூட்டினார். அது சூடாக ஆறு நிமிடம் எடுத்தது. யோகமலருக்கு வாழ்க்கையில் இவ்வளவு நீளமான ஆறு நிமிடம் இருந்ததில்லை.

படம் பெரிது, மெசின் ஒருமுறையில் ஒரு துண்டைத்தான் பார்க்கும். இடம் மாற்றி மாற்றி வைத்துப் பன்னிரண்டு துண்டாக எடுத்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் இலக்கம் போட்டு, அயல் துண்டோடு எங்கே பொருந்தும் என்று அம்புக்குறியும் போட்டாள். கை தன்பாட்டில் ஓடியது. இராஜரட்ணம் ஒவ்வொரு தாளாக ஃபாக்ஸில் ஊட்ட, அது மெல்ல மெல்ல விழுங்கியது. பத்து இருபத்தைந்துக்குப் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தன. மூன்று பேரும் மூச்சு விட்டார்கள்.

விட்ட மூச்சு அடங்குவதற்குள் கடைத் தொலைபேசி அடித்தது. ரூத்தான், ஃபாக்ஸ் தாளில் விழுந்த இலக்கத்தைப் பார்த்து எடுத்திருந்தாள். அழுத குரல் இல்லை. அழுவதற்கு நேரமில்லாத குரல். படம் வந்தது, நன்றி, பாதையும் தெளிவு என்றாள். பாதை ஓடைக்கு வந்து இரண்டாகப் பிரிகிறது, ஒன்று கிழக்குக் கரையால், மற்றது மேற்குக் கரையால். நடுவில் ஆழமான பள்ளத்தாக்கு. ஒரு கரையால் ஏறினால் மற்றக் கரைக்குத் தாண்ட முடியாது, திரும்பி வந்து ஏற ஒரு நாள் போகும். பன்னிரண்டு பேர்தான் இருக்கிறார்கள், பனியும் வருகிறது, அவர்களைப் பிரிக்க முடியாது. குடில் எந்தக் கரையில்? சரியாக அந்த இடத்தில் கறுப்பாக, வட்டமாக ஒன்று கிடக்கிறதே, அது என்ன, சுரங்க வாயா?

யோகமலர் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். இராஜரட்ணம் தாராளமாக வைத்த பொட்டு, ஒரு சதக் காசு அளவில், ஓடையின் இரண்டு கரையையும் மூடிக்கொண்டு சிவப்பாக இருந்தது. சிவப்பு ஃபாக்ஸில் கறுப்பாகத்தான் போகும். அது என்னவென்று எந்த ஆங்கிலத்தில் சொல்வது? அது படத்தில் இல்லாதது, எங்களுடைய தவறு, பத்து நிமிடம் தாருங்கள் என்று சொல்லி வைத்தாள்.

எந்தக் கரை? நூறு தரம் பார்த்த படம். கண்ணை மூடினால் ஒவ்வொரு மலையும் வந்து நின்றது, குடில் மட்டும் வரவில்லை. ஒழுங்காகத் தண்ணீரையும் கட்டடத்தையும் முதலில் கீறியிருந்தால் இந்நேரம் கை சொல்லியிருக்கும். மலை ஆசை பிடித்தவளுக்கு இது வேண்டும் என்று தன்னைத்தானே வைதாள்.

இராஜரட்ணத்தின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கைலேஞ்சியை எச்சிலில் தொட்டுப் பொட்டை அழிக்கக் குனிந்தார். அவள் அவருடைய கையைப் பிடித்தாள்.

"தொடாதேங்கோ. இழுபட்டால் கீழ இருக்கிற மையும் சேர்ந்து போயிடும்."

"அப்ப என்ன செய்யிறது? நான் வைச்ச பொட்டால ஒரு மனுசன் சாகிறதே?"

அவள் கடைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழக்குப் பார்த்த கதவு. கண்ணாடி முழுக்க வெயில். ஊர் அலுவலகத்தில் கரண்ட் போய், கீழிருந்து வெளிச்சம் வரும் விளக்கு மேசை வேலை செய்யாத நாட்களில், படத்தை யன்னலில் பிடித்துத்தானே கீறினார்கள்.

"செல்வண்ணை, ரோல்ஸ் சுத்திற ஓயில் பேப்பர் கிடக்கே?"

கிடந்தது. அரிசி மலிவு விற்பனை என்ற விளம்பரத்தைச் செல்வரட்ணம் கதவிலிருந்து கிழித்தெறிந்தார். படத்தின் பின்பக்கம் தங்களைப் பார்க்கும்படி திருப்பி, இரண்டு ஆண்களும் இரண்டு பக்கமும் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார்கள். வெயில் தாளுக்குள்ளால் வந்தது. சந்தனமும் குங்குமமும் அந்தப் பக்கத்தில் மங்கலான நிழலாக நின்றன. அச்சு மையோ தாளோடு ஒட்டி, நிழலுக்குள்ளும் கடுங்கறுப்பாகத் தெரிந்தது. ஓடை. பள்ளத்தாக்கின் நெருங்கிய கோடுகள். புள்ளி புள்ளியாகப் பாதை. அதன் முடிவில், கடுகளவில், ஒரு சதுரம்.

"வலப்பக்கம்," என்றார் இராஜரட்ணம். "வலப்பக்கமெண்டால் கிழக்கு. சொல்லும், கிழக்கெண்டு சொல்லும்."

செல்வரட்ணம் ரிசீவரைத் தூக்கிவிட்டார்.

"வையுங்கோ அண்ணை," என்றாள் யோகமலர். "நாங்கள் முதுகுப் பக்கத்தால பாக்கிறம்."

ஓயில் பேப்பரை அதன்மேல் வைத்து, கணவனின் சட்டைப் பையிலிருந்த பேனாவால் ஓடையைக் கீறினாள். பாதையைப் புள்ளி வைத்தாள். சதுரத்தைப் போட்டாள். பதினொரு வருடம் ஊர்க்காரரின் வேலிகளை அரை விரற்கடை பிசகாமல் கீறிய கை அது. பிறகு பேப்பரை மறுபக்கம் புரட்டி, கறுப்பு வட்டம் விழுந்த நகலின்மேல் வைத்து நகர்த்தினாள். ஓடை ஓடையோடு போய்ப் பொருந்தியது. கோடுகள் கோடுகளோடு பொருந்தின. சதுரம் ஓடைக்கு இடப்பக்கம் இருந்தது. ஒரு தரம் பார்த்தாள். இன்னொரு தரம், வடக்கு மேலேதானா என்று பார்த்தாள்.

பத்து நாற்பத்தெட்டுக்கு ரூத்திடம் சொன்னாள், மேற்குக் கரை என்று. நிச்சயமா என்று ரூத் கேட்டாள். புதிய வனப்பாதை கிழக்குக் கரையால் போவதால் எல்லோரும் கிழக்குக்குத்தான் ஆயத்தமாக நிற்கிறார்களாம். ஊரில் யோகமலர் கீறிய கோடு பிழைத்தால் வேலி நகரும், வழக்கு வரும், அவ்வளவுதான். நிச்சயம், என்றாள். ஓயில் பேப்பரையும் ஃபாக்ஸில் விட்டாள். அதில் ஒரு மூலையில் ரோல்ஸ் எண்ணெய் பட்டிருந்தது.

அதற்குப் பிறகு காத்திருப்பு. படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்கள். இராஜரட்ணம் அன்று செய்த பூசையில் தேவாரத்தை விட மணிக்கூட்டைப் பார்த்ததுதான் அதிகம். அவல், கடலை எல்லாம் படைத்தபடி கிடந்தன. பனி கொட்டத் தொடங்கிவிட்டதென்று இரண்டு மணிக்கு வேரோனிக்கா தொலைபேசி எடுத்துச் சொன்னாள். யோகமலர் கும்பத்துக்கு முன்னாலேயே இருந்து, தன் மனதுக்குள் அந்த மேற்குக் கரைப் பாதையால் கோடு கோடாக ஏறினாள். நூறு அடிக்கு ஒரு கோடு. எங்கே மூச்சு வாங்கும், எங்கே வழுக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நாலரைக்குத் தொலைபேசி. ரூத் இப்போது அழுதாள், வடிவாக, மனம்விட்டு அழுதாள். ஆர்ச்சி குடிலுக்குள் இருந்தாராம். முழங்கால் உடைந்து, இரண்டு இரவு, அடுப்பில் பழைய பலகைகளை எரித்துக்கொண்டு. கிழக்குக் கரையால் போயிருந்தால் கூப்பிட்ட குரல் கேட்டிருக்கும், ஆனால் பனிக்கு முன்னால் கிட்டப் போயிருக்க முடியாது. உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறார் என்று இரண்டு தரம் சொன்னாள்.

யோகமலர் ரிசீவரை வைத்துவிட்டு நிலத்தில் குந்தினாள். ஊரில் கடைசிக் காலத்தில் படம் என்றாலே பயம். றோட்டில் ஒரு படத்தை விரித்தால், எந்தப் பக்கத்தவன் வந்தாலும், எதற்கு இது என்று கேட்பான். ஆளை அழிக்கத்தான் படம் தேடுகிறார்கள் என்று அவள் தன் பேனாக்களையே ஒளித்து வைத்திருந்தவள். இன்று அவளுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு பேர் ஒரு மனுசனை உயிரோடு கொண்டுவரப் போயிருக்கிறார்கள். அவள் ஏங்கி ஏங்கி அழுதாள். இராஜரட்ணம் பக்கத்தில் குந்தி, தட்டிலிருந்த அவலை அள்ளி அவளுக்கும் கொடுத்துத் தானும் சாப்பிட்டார்.

விஜயதசமி காலை, படத்தோடும் அச்சத்தோடும் கடைக்குப் போனாள். சரஸ்வதி, கும்பம், சந்தனம், தன் களவு, எல்லாவற்றையும் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். வேரோனிக்கா உருப்பெருக்கிக் கண்ணாடியால் பொட்டை வெகுநேரம் பார்த்தாள். இனிக் கேட்டுவிட்டுக் கொண்டுபோ என்றாள். தேடப் போனவர்கள் நேற்று முழுக்கத் தங்கள் வானொலிக் கருவிகளில் அந்த இடத்தை வட்டம், வட்டம் என்றுதான் கூப்பிட்டார்களாம். வட்டத்துக்கு வந்துவிட்டோம் என்றுதான் ரூத்துக்கு முதற் செய்தியே வந்ததாம். பிறகு வேரோனிக்கா நிலத்தில் கிடந்த படங்களைச் சுற்றி, சுவர் ஓரமாக நடந்து போனாள். அவளுடைய சப்பாத்துகள் வாசலில் கிடப்பதை யோகமலர் அப்போதுதான் கண்டாள்.

மேசை விளக்கைப் போட்டு, முக்கால்வாசி மலை நின்ற தன் பிளாஸ்ரிக் தாளைப் பழைய படத்தின்மேல் விரித்தாள். பூசையிலிருந்து வந்த பேனாவில் மை எடுத்தாள். மிச்ச மலை கிடந்தது, ஓடை கிடந்தது. அவள் முதலில், ஓடை வரவேண்டிய இடத்துக்கு மேற்கே, கடுகளவில் ஒரு கறுப்புச் சதுரம் போட்டாள்.